வர நினைத்தவரும் வர யோசித்தவரும்

எங்கள் மாடியில் குடியிருக்கிற வங்கிக்காரருக்குச் சொந்த ஊர் பாட்னா. மயிலாடுதுறைக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்த புதிதில் அவருக்குத் தெரிந்த தமிழ் 'தண்ணி', 'எவ்ளோ', 'போதும்' என்கிற மூன்று சொற்கள்தான். இந்த மூன்றை வைத்துக்கொண்டே தமிழ்நாட்டில் ஆறு மாதம் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நோட்டோடு கீழே இறங்கி வந்து, திண்ணையில் என் எதிரே உட்கார்ந்து, சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அன்று பிடித்தது சனி.

என்னிடம் ஏன் கேட்டார் என்றால், நான் வீட்டில் இருந்தேன். வேறு தகுதி எதுவும் கிடையாது. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்துநான்கு வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். உரமூட்டை எண்ணத் தெரியும். இருந்தாலும் தாய்மொழி ஆயிற்றே, தாயைப் பற்றி மகனுக்குத் தெரியாதா என்று ஒரு துணிச்சல்.

முதல் சில வாரங்கள் கௌரவமாகவே போயின. 'வா'வுக்கும் 'வாங்க'வுக்கும் என்ன வித்தியாசம் என்றார், சொன்னேன். மாமா யார், சித்தப்பா யார் என்றார். அதற்கு என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்தே பதில் சொல்லிவிட்டாள். அப்புறம் ஒரு ஞாயிறு, நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "சார், நினைக்கிறேன், யோசிக்கிறேன். என்ன டிஃபரன்ஸ்?" என்றார்.

அன்றைக்கு வீட்டில் அடை. கல்லில் எண்ணெய் சுறுசுறுக்கிற சத்தம் திண்ணை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான். எதை வேணும்னாலும் சொல்லுங்க" என்றேன்.

அடை நன்றாகத்தான் இருந்தது.

இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டால் மனிதன் எதை எடுத்துக்கொள்வான்? கைக்குப் பழகினதை எடுத்துக்கொள்வான். அவருக்குப் பழகினது யோசனை. வங்கியில் அவர் நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுவதே ஏதாவது ஒரு யோஜனாவில்தான். 2014இல் ஜன் தன் யோஜனா வந்ததிலிருந்து எத்தனை யோஜனா! நம் யோசனையும் அந்த யோஜனாவும் ஒரே வடமொழி வயிற்றில் பிறந்தவை. வடக்கே அது திட்டமாகி ஃபைலுக்குள் போய்விட்டது. இங்கே மோவாயில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது. ஆளுக்கு ஊரில் பார்த்த முகம் மாதிரி இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டார். நினை என்கிற சொல்லை நோட்டிலிருந்து அடித்துவிட்டார். சிக்கனமான மனிதர்.

அந்தச் சிக்கனத்தின் முதல் பலி என் பேரன் காதுகுத்து.

வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தி, மத்தியானம் வீட்டில் சாப்பாடு. வீட்டுக்காரி முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி, வெற்றிலை பாக்கு வைத்து வங்கிக்காரரை அழைத்துவிட்டு வந்திருந்தாள். அவர் வரவில்லை. மார்ச் கடைசி, வங்கியில் வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். ராத்திரி பதினொன்றரைக்குத்தான் மாடியில் விளக்கெரிந்தது. அது எங்களுக்கும் தெரியும், அதில் யாருக்கும் வருத்தமில்லை. மறுநாள் சாயங்காலம் கையில் ஓர் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார் மனிதர். வாசலிலேயே, எழுதிப் பழகிக்கொண்டு வந்ததைப் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"அம்மா, நேத்து காதுகுத்துக்கு வர ரொம்ப யோசிச்சேன்."

வீட்டுக்காரி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அதனால என்ன தம்பி" என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவர் படியேறிப் போகிற சத்தம் அடங்கும் வரைக்கும் பொறுத்தாள்.

"நம்ம வீட்டுக்கு வர அவருக்கு என்னங்க யோசனை? அதுவும் ரொம்ப யோசனையாம். யோசிச்சதோட இல்லாம வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறாரு பாருங்க!"

"வேலை இருந்திருக்கும்."

"வேலை இருந்துச்சுன்னா வேலை இருந்துச்சுன்னு சொல்லணும். யோசிச்சேன்னா என்ன அர்த்தம்? மொய் எழுதணுமேன்னு யோசிச்சாரா? நம்ம சமையல் ஒத்துக்காதுன்னு யோசிச்சாரா?"

மூன்று நாள் அந்தப் பெட்டி ஃபிரிட்ஜுக்கு மேலேயே பிரிக்காமல் இருந்தது. நாலாம் நாள் எறும்புகள் வந்தன. அவை யோசிக்கவில்லை.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. பாட்னாக்காரர் சொல்ல வந்தது என்ன என்று ஐந்தாம் நாள்தான் உறைத்தது. இந்தியில் 'ஸோச்னா' என்று ஒரே சொல். நம்முடைய நினைப்புக்கும் அதுதான், யோசனைக்கும் பெரும்பாலும் அதுதான். வரலாம் என்று எண்ணியிருந்தேன் என்பதற்கு அவர்கள் 'ஆனே கீ ஸோச் ரஹா தா' என்பார்களாம். அதை அப்படியே எடுத்துத் தமிழ்ச் சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார். ஆனால் தமிழில் 'வர நினைச்சேன்' என்றால் செருப்பை மாட்டியாகிவிட்டது, நடுவில் ஏதோ தடை வந்துவிட்டது என்று அர்த்தம். 'வர யோசிச்சேன்' என்றால் தடை எதுவும் இல்லை, செருப்பும் தயார், மனசுதான் கிளம்பவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு வினைச்சொல் இடம் மாறியதில், விருந்துக்கு வர ஆசைப்பட்ட மனிதர் விருந்தை மதிக்காத மனிதராகிவிட்டார்.

இது எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் ஒரு அடையில் சமாதானம் செய்திருக்கலாம். வங்கிக்குள்ளும் போய்விட்டது.

எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் கறவை மாட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். வங்கிக்காரர் காகிதங்களைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஓர் அதிகாரி பேச வேண்டிய மரியாதையோடு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

உலகத்தில் வேறு எங்கேயாவது இதற்கு 'யோசித்துவிட்டுச் சொல்வார்' என்று பொருள் இருக்கலாம். நம் ஊரில் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே "வீட்ல யோசிச்சுச் சொல்றோம்" என்றால், பெண்ணைப் பெற்றவர் சொஜ்ஜியைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த ஜாதகத்தை எடுப்பார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் யோசிச்சுச் சொல்றேன் என்றால் குளியலறை பிடிக்கவில்லை. கைமாற்றுக் கேட்ட இடத்தில் யோசிச்சுச் சொல்றேன் என்றால், இனிமேல் அந்தத் தெருப் பக்கமே போகாதே. முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வதை நாம் பாவமாக வைத்திருக்கிறோம். அந்தப் பாவத்தை நமக்காக ஆண்டாண்டாகச் சுமந்துகொண்டிருக்கிற சொல் இது. நானே சங்கத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு நாலு பேருக்காவது சொல்லியிருப்பேன். ஒருத்தருக்கும் யோசித்ததில்லை.

பால்காரர் தமிழர். புரிந்துகொண்டார். கும்பிட்டுவிட்டு எழுந்து வந்து, வீட்டில் இருந்த இரண்டரைப் பவுன் சங்கிலியை அடகுக் கடையில் வைத்து மாட்டைப் பிடித்துவிட்டார். இங்கே வங்கிக்காரர் நிஜமாகவே யோசித்து, பதினோராம் நாள் கடனைச் சாங்ஷன் செய்துவிட்டு, போன் மேல் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். வங்கியிலிருந்து போன் என்றால் எடுக்கிற ஜாதியில்லை நம் ஆள். கடைசியில் வங்கிக்காரர் என்னிடம் வந்தார். "சார், லோன் ரெடி. ஆள் இல்லை."

மறுநாள் பால் ஊற்ற வந்தவரிடம் கேட்டேன்.

"அவருதான் முடியாதுன்னுட்டாருங்களே!"

"எப்போ சொன்னாரு?"

"அன்னிக்கேதான். யோசிச்சுச் சொல்றேன்னாரு."

அவருக்கு வந்த ஆச்சரியம், அது முடியாது என்று எனக்குக்கூடத் தெரியவில்லையே என்பதுதான்.

அந்த வாரமே நோட்டை வாங்கி, 'யோசி' என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, "இதைக் கொஞ்ச நாளைக்குத் தொடாதீங்க. எல்லாத்துக்கும் 'நினை' போடுங்க. ஆபத்தில்லாத சொல்லு" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன இரண்டாவது பெரிய முட்டாள்தனம் இது. முதலாவது அந்த அடை அன்று சொன்னது.

வங்கியில் ஒரு கேஷியர் அம்மாள். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். கணவர் உடம்புக்கு முடியாமல் இருப்பதால் கும்பகோணத்துக்கு மாற்றல் கேட்டிருந்தார். நம் ஆள் நல்ல மனிதர். வட்டார அலுவலகத்துக்கு எப்படி எழுதினால் நடக்கும் என்று ராத்திரியெல்லாம் மண்டையைக் குடைந்திருக்கிறார். காலையில் கவுன்டர் நிறைய ஆள் நிற்கையில் அந்த அம்மாவிடம் போய், புதுச் சொல்லைப் பிரயோகித்திருக்கிறார்:

"மேடம், நேத்து ராத்திரி முழுக்க உங்களை நினைச்சுட்டே இருந்தேன்."

ரூபாய் எண்ணும் இயந்திரம்கூட ஒரு கணம் நின்றதாகக் கேள்வி. அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்படி எங்க வீட்டுக்காரரு சொல்லியே முப்பது வருஷம் ஆச்சு சார்" என்றாராம். பெரிய மனசு. வேறொருவராக இருந்தால் வங்கிக்காரருக்கே மாற்றல் வந்திருக்கும்.

சொல்ல வேண்டியிருந்தது, 'உங்க ட்ரான்ஸ்பர் விஷயமா யோசிச்சுட்டே இருந்தேன்' என்று. ஆளை நினைக்கலாம், ஆளை யோசிக்க முடியாது. யோசிக்க ஒரு விஷயம் வேண்டும். ஒருவரைப் 'பற்றி' யோசிக்கலாம், ஆனால் அதில் கொஞ்சம் ஃபைல் வாடை அடிக்கும். காதலி "என்னைப் பத்தி என்ன யோசிக்கிறே?" என்று கேட்டால் கல்யாணப் பேச்சு. "என்னை நினைக்கிறியா?" என்று கேட்டால் அது வேறு பேச்சு.

இந்தக் கேஷியர் விவகாரத்துக்குப் பிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அறுபத்தைந்து வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பாமல் புழங்குகிற இரண்டு சொற்களுக்கு வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை என்றால் என்ன பிழைப்பு? வீட்டில் இருந்த கையகல அகராதியை எடுத்தேன். நினை என்றால் எண்ணு என்றது. எண்ணு என்றால் நினை என்றது. ஒருவரையொருவர் ஜாமீன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நூலகத்துக்குப் போய் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைக் கேட்டு வாங்கினேன். 1992இல் முதல் பதிப்பு வந்த அகராதி. பொருளோடு நிறுத்தாமல் சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டுவது அதன் புண்ணியம். அங்கே உட்கார்ந்தபோதுதான் வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிற புத்தியே வந்தது.

'அவர் வருவார் என்று நினைத்தேன்.' சரி. 'அவர் வருவாரா என்று யோசித்தேன்.' இதுவும் சரி. இப்போது மாற்றிப் போடுங்கள். 'அவர் வருவார் என்று யோசித்தேன்' என்றால் நாக்கு நொண்டுகிறது. நினைப்புக்கு ஒரு முடிவு வேண்டும். சரியோ தப்போ, கையில் பதிலோடுதான் அது வரும். யோசனைக்கு ஒரு கேள்வி வேண்டும். வருவாரா, எப்படி வருவார், ஏன் வரவில்லை. கேள்வி இல்லாத இடத்தில் யோசனைக்கு வேலையில்லை. சென்னையில் படிக்கிற என் பேத்தி "நீங்க தூங்கிட்டீங்கன்னு யோசிச்சேன் தாத்தா" என்று போனில் சொல்கிறாள். அவளுக்கு ஆங்கிலத்து 'திங்க்' வழியாக வந்த வியாதி, பாட்னாக்காரருக்கு 'ஸோச்னா' வழியாக வந்திருக்கிறது. பேத்தியைத் திருத்தினேன். "புரிஞ்சுதுல்ல தாத்தா?" என்றாள். புரிந்தது என்பதுதான் பிரச்சினையே.

நினைப்பு தானாக வரும். கூப்பிட வேண்டாம், கதவைத் தட்டாது. வேண்டாம் என்றாலும் வரும், ராத்திரி இரண்டு மணிக்கும் வரும். யோசனையும் சில சமயம் வரும்தான், ஆனால் நாம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக் கூலி கொடுத்த பிறகுதான் வரும். அதனால்தான் சாப்பிடுகையில் புரையேறினால் தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்கிறோம். யாரோ உங்களைப் பற்றி யோசிப்பதால் புரையேறுவதில்லை. ஏறுமானால், வருமான வரி அதிகாரிகள் வாழ்கிற தேசத்தில் ஒரு வியாபாரியும் சாப்பிட முடியாது. தில்லையைத் தரிசித்தால் முக்தி, திருவாரூரில் பிறந்தால் முக்தி, காசியில் இறந்தால் முக்தி, திருவண்ணாமலைக்கு நினைத்தாலே போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். யோசித்தால் முக்தி என்று எந்த ஊருக்கும் சொல்லவில்லை. யோசித்தவன் கிரிவலம் பதினாலு கிலோமீட்டராமே, பஸ் கிடைக்குமா என்றுதான் கேட்பான்.

சினிமாக்காரர்களுக்கு இந்த நுட்பம் இலக்கணம் படிக்காமலே தெரியும். 1975இல் எம்.ஜி.ஆர். நடித்தது 'நினைத்ததை முடிப்பவன்'. யோசித்ததை முடிப்பவன் என்று வைத்திருந்தால் இடைவேளையிலேயே கூட்டம் கலைந்திருக்கும். யோசிக்கிறவன் எங்கே முடிப்பது? 1979இல் பாலசந்தர் எடுத்தது 'நினைத்தாலே இனிக்கும்'. யோசித்தால் எதுவும் இனிக்காது. அதே போல, "நான் நினைச்சா உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று ஒருவர் மேசையைத் தட்டினால் எதிரே நிற்பவனுக்கு வேர்க்கும். "நான் யோசிச்சா" என்று தட்டிப் பார்க்கட்டும். நல்லா யோசிங்க சார் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அதிகாரம், கர்வம், பக்தி, காதல் எல்லாம் நினைப்பின் வீட்டில் குடியிருக்கின்றன. "பெரிய கலெக்டர்னு நினைப்பு" என்கிறோம். பெரிய கலெக்டர்னு யோசனை என்று யாரையும் திட்ட முடியாது. நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று பழமொழியே இருக்கிறது. யோசனை பிழைப்பைக் கெடுத்ததாகத் தகவல் இல்லை. தூக்கத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் 'நினைச்சேன்' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நான் பிளாஸ்க்கைக் கீழே போட்டு உடைப்பேன். சமையலறையிலிருந்து, எட்டிக்கூடப் பார்க்காமல், "நினைச்சேன்!" என்று ஒரு குரல் வரும். பிளாஸ்க் விழும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியுமாம். கொஞ்சம் யோசித்திருந்தால் அதை மேசை விளிம்பிலிருந்து தள்ளி வைத்திருப்பாள். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டாள்.

கடல் தாண்டினால் கணக்கு இன்னும் மாறும். என் மகனுடைய மாமனார் யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது டொராண்டோவில் இருக்கிறார். எனக்குக் குடலிறக்க அறுவை நடக்கிறதற்கு முதல் நாள் போன் செய்து, "சம்பந்தி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள், இவர் யோசிக்காதே என்கிறாரே, நம்மை யோசிக்கத் தகுதியில்லாத ஆள் என்று முடிவு கட்டிவிட்டாரோ? இங்கே 'யோசிக்காதீங்க' என்று சொல்கிறவர் ஜவுளிக்கடை விற்பனையாள் ஒருவர்தான். அங்கே யோசித்தல் என்றால் கவலைப்படுவதும் உண்டு என்று மகன் விளக்கிய பிறகுதான் நிம்மதியாக மயக்க ஊசி போட்டுக்கொண்டேன். ஊசி போட்டதும் நினைவு தப்பியது. கவனியுங்கள், தப்புவது நினைவுதான். யோசனை தப்பி விழுந்த மனிதனை இதுவரை எந்த ஆம்புலன்ஸும் ஏற்றியதில்லை.

இத்தனை ஆராய்ச்சியையும் வீட்டுக்காரியிடம் சொன்னேன். சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவள் திருச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது போனில், "இப்பத்தான் உன்னை நினைச்சேன்" என்று ஆசையாகச் சொன்னேன். "அப்ப இதுவரைக்கும் நினைக்கலை, அப்படித்தானே?" என்றாள். திருக்குறளின் 1316ஆம் குறளில் வருகிற தலைவி அப்படியே இதைத்தான் கேட்கிறாள். நினைத்தேன் என்கிறான் அவன். அப்படியானால் நடுவில் மறந்தாயா என்று திரும்பிக்கொள்கிறாள். அடுத்த குறளில் அவன் தும்முகிறான். நூறாயுசு என்று வாழ்த்திவிட்டு, யார் நினைத்து இந்தத் தும்மல் என்று அழுகிறாள். அதற்கடுத்த குறளில் பயல் உஷாராகித் தும்மலை அடக்குகிறான். யாரோ உன்னை நினைப்பதை எனக்குத் தெரியாமல் மறைக்கிறாயா என்று அதற்கும் அழுகிறாள். தப்பிக்க வழியே இல்லை.

ஆனால் நான் கண்டுபிடித்த விஷயம் வேறு. இந்த மூன்று குறளிலும் வள்ளுவர் போட்டிருக்கிற வினை 'நினை' அல்ல, 'உள்ளு'. இப்போது செத்துப்போன வினை. உள்ளத்தை மட்டும் நமக்கு விட்டுவிட்டுப் போய்விட்டது. நினை என்கிற சொல் அவருக்குத் தெரியாதா என்றால், அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் இரண்டும் வருகின்றன. அவன் சும்மா உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் செய்வதற்கு 'நினை' போடுகிறார். வேறு எவளோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கிறாய் என்று அவள் எகிறுவதற்கு 'உள்ளு' போடுகிறார். இரண்டும் ஒண்ணுதான், எதை வேணும்னாலும் போடுங்க என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. அல்லது அவர் வீட்டில் அன்று அடை இல்லை.

வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?" என்றாள்.

இன்னும் சில சில்லறை உண்டு. 'எண்ணு' எனக்குத் தொழில்முறைச் சொந்தம். மூட்டையையும் எண்ணலாம், முன்னேற்றத்தையும் எண்ணலாம். ஒரு வேலையில் இறங்குவதற்கு முன்னால் எண்ணிக்கொள், இறங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது குற்றம் என்று 467ஆம் குறளில் வள்ளுவர் கண்டிப்பாகச் சொல்வதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். எனக்கென்னவோ அதில் கல்லாப்பெட்டி வாசனையும் அடிக்கிறது. 'கருது' பேச்சில் கிடையாது, அதற்கு வேட்டி கட்ட வேண்டும். திருடன் பின்வாசல் வழியாக வந்திருக்கலாம் என்று நினைப்பது நாம், கருதுவது போலீஸார். 'சிந்தி' மேடைக்கு உரியது. சுவரில் 'சிந்தி' என்று எழுதியிருந்த ஒரு பள்ளிக்கூட வகுப்பறையைத் தாண்டிப் போகையில், என் பேரன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "எதைத் தாத்தா சிந்தினாங்க?" என்று கேட்டான். பாலையும் காபியையும் தவிர வேறு எதையும் சிந்திப் பார்த்திராத வயது.

பால்காரர் சங்கதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அவரை நானே வங்கிக்கு அழைத்துக்கொண்டு போனேன். கடன் கைக்கு வந்தது. சங்கிலியை மீட்ட பிறகும் மிச்சம் இருந்ததால் இரண்டாவது மாடும் வந்துவிட்டது. வங்கிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தனக்குப் புதிதாகத் தெளிவான இலக்கணத்தில், மிகுந்த ஜாக்கிரதையோடு, "நீங்க வருவீங்களான்னு யோசிச்சேன். வரமாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. அரைக்கால் புள்ளி பிசகவில்லை.

அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் அதிகமாகவே பாடம் நடத்திவிட்டேன். 'யோசிக்க நினைத்தேன்' என்றால் இனிமேல்தான் யோசிக்க வேண்டும், 'நினைக்க யோசித்தேன்' என்றால் நினைப்பதற்கே பயம் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டு அரைமணி நேரம் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வருகையில் வீட்டுக்காரி அவருக்குக் காபி கொடுத்து, "காதுகுத்துக்கு வராட்டிப் போகுது தம்பி, அடுத்த மாசம் பிறந்தநாளைக்கு வந்துடுங்க" என்றாள். "கண்டிப்பா வர நினைக்கிறேன் அம்மா" என்றார். "நினைச்சா போதாது, வரணும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தினசரியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு போகிற போக்கில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 'எனக்குத் தோணுது' என்பதற்கும் 'எனக்குப் படுது' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று. நாளை மறுநாள் பத்து மணிக்கு நோட்டோடு வருவார். வீட்டில் அன்று என்ன பலகாரம் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. தெரிந்தவர்கள் யாராவது அதற்குள் சொல்லி அனுப்பினால் புண்ணியமாகப் போகும். தயவுசெய்து யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.